எனக்குத் தெரிந்த அரியர், அவளுக்குத் தெரிந்த அரியர்

பிள்ளைகளே, நான் பத்தாவது வரை படித்தவன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். எங்கள் கம்பெனியில் சம்பளம் கூட்டிப் போட்டால், போன மாதங்களுக்குச் சேர வேண்டியதை மொத்தமாகத் தருவார்கள். அதற்குப் பெயர் அரியர். அது வரும் என்று தெரிந்தால் கேன்டீனில் ஒரே பாட்டுதான்.

என் மகள் அப்போது இன்ஜினியரிங் முதல் வருஷம். பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவள். காலேஜில் சார் இங்கிலீஷில் கடகடவென்று சொல்லிக்கொண்டே போவாராம். பக்கத்துப் பெண்கள் தலையாட்டினால் இவளும் ஆட்டிவிடுவாளாம். இதெல்லாம் பிறகு சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்தது, அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும்தான்.

கணக்குப் பரீட்சை அன்று காலை கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அவள் குளிக்காமல் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நான் போகலப்பா. காலேஜே வேணாம். போனா அரியர்தான் வரும்."

"வந்தா நல்லதுதானேம்மா! நமக்கு வர வேண்டியத ஏன் விடணும்? போய் வாங்கிட்டு வா. ஸ்வீட் வாங்கிடலாம்."

உள்ளேயிருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்தாள். "யாருக்குப் பணம் வருது?"

அழுதவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ அப்பா, அரியர்னா ஃபெயில்!"

"ஃபெயிலானா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?"

"அனுப்ப மாட்டாங்க. மேல படிச்சிக்கிட்டே அந்த ஒரு பேப்பர அடுத்த வாட்டி திரும்ப எழுதணும்."

"அவ்ளோதானா?"

எனக்கு விளங்க வைக்கச் சொன்னது, அவள் காதிலும் அப்போதுதான் விழுந்தது போல. "அவ்ளோதான்" என்றாள் மெதுவாக. எழுந்து குளிக்கப் போனாள்.

உள்ளே வைத்திருக்கிற வரை அந்தப் பயம் அவளுக்கு ஒரு காலேஜ் அளவு இருந்தது. விளக்கிச் சொன்னதும் ஒரு பேப்பர் அளவு ஆகிவிட்டது. நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தெரியாது. பஸ் போய்விட்டதால், அவளை வண்டியில் ஏற்றி முதலியார்பேட்டை டிராஃபிக்கில் புகுந்து காலேஜ் வாசலில் இறக்கிவிட்டேன்.

ரிசல்ட் வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். போன் வந்தது.

"அப்பா, அரியர் வந்துடுச்சு. கணக்குல மட்டும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "வரும்போது ஸ்வீட் வாங்கிட்டு வா. நீதான சொன்ன?"

ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனேன். ஒன்றைத் தின்று விரலைத் துடைத்துக்கொண்டு, கணக்குப் புத்தகத்தை முதல் பாடத்திலிருந்து பிரித்தாள்.