பேசாலை மதலேனா கேட்ட பாடல்

பேசாலை மதலேனாவுக்குக் கலியாணம் ஆகாமல் போனதற்கு வானொலிதான் காரணம் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

1969இல் அவளை வங்காலைக் கிறகரிக்குப் பேசி முடித்திருந்தார்கள். கோயிலில் கலியாண அறிவித்தல் வாசிக்க ஒரு கிழமைதான் இருந்தது. அன்று பின்னேரம் நேயர் விருப்பத்தில் அறிவிப்பாளர் சொன்னார்: "அடுத்த பாடலைத் தன் நெஞ்சில் குடியிருக்கும் தலைமன்னார் அன்ரனுக்காகக் கேட்கிறார், பேசாலை மதலேனா."

அப்படியொரு அன்ரனை அவள் கண்டதுமில்லை. வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள். கிறகரி வீட்டார் நம்பவில்லை. அடுத்த நாளே ஆள் அனுப்பிச் சம்பந்தத்தை முறித்தார்கள். தகப்பன் அருளப்பு ஒரு வருசம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இருந்தும் அவள் வானொலி கேட்பதை விடவில்லை. தன் பெயரில் வானொலிக்குத் தபாலட்டை எழுதினவன் நேயர்களுக்குள்ளேதான் இருப்பான் என்று நினைத்து, மன்னார் நேயர் மன்றத்தில் சேர்ந்தாள். மீன்பிடிச் சங்கக் கந்தோரில் தட்டச்சு வேலை செய்ததால் மன்றச் செயலாளராகவும் ஆக்கிவிட்டார்கள். தலைவர் பஸ்ரியனும் பேசாலைக்காரன்தான். அவன் கூட்ட அறிக்கைகளை எழுதித் தருவான். இவள் அடித்துக் கொடுப்பாள். பஸ்ரியன் இருக்கிற இடத்தில் சிரிப்புக்குக் குறைவிராது. அவளையும் சிரிக்க வைத்த சிலரில் அவன் ஒருவன்.

1976 ஆவணியில் மன்றத்தின் இரண்டு நாள் மாநாடு நடந்தது. கொழும்பிலிருந்து அறிவிப்பாளர் அபூசாலி வந்தார். மன்னாரிலிருந்து வந்த பழைய தபாலட்டைகளை அவர் ஒரு பிஸ்கட் ரின்னில் சேர்த்து வைத்திருந்தார். கண்காட்சிக்கு வேண்டுமென்று மதலேனா எழுதிக் கேட்டிருந்தபடியால் அதையும் கொண்டு வந்திருந்தார்.

சனிக்கிழமை போட்டிகள் முடிய எல்லாரும் தாழ்வுபாட்டுக் கடற்கரைக்குப் போனார்கள். நண்டு பொரித்து, கள்ளுக் குடித்து, பஸ்ரியன் பைலா பாட, மற்றவர்கள் கை தட்டி ஆடினார்கள். மதலேனா ஒரு வள்ளத்தோடு சாய்ந்திருந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வெளிச்சம் மங்கும் முன்னமே தன் பெயர் எழுதிய அட்டையைக் கண்டாள். கையெழுத்தை இரண்டாம் தரம் பார்க்கத் தேவையிருக்கவில்லை. மாதா மாதம் அவள் அடித்துக் கொடுக்கிற எழுத்து.

"என்ன மதலேனா, தனிய இருக்கிறாய்? வா, வந்து ஆடு," என்று பஸ்ரியன் கூப்பிட்டான்.

"வாறன்," என்று எழும்பிப் போய் அவளும் கை தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு போட்டியை மேடையில் அறிவித்தாள். பழைய அட்டையொன்றைக் காட்டுவாள். எழுதினது யாரென்று சபையோர் சொல்லவேண்டும். மூன்று அட்டைகளுக்குச் சிரிப்பும் கைதட்டலும் கிடைத்தன. நாலாவதன் விலாசப் பக்கத்தை மாத்திரம் காட்டி முன்வரிசையில் கொடுத்தாள்.

"இது எங்கடை தலைவற்றை எழுத்தெல்லோ," என்றான் சிங்கராசா. பக்கத்திலிருந்தவர்களும் ஓம் என்றார்கள். பஸ்ரியனின் மனைவி கிறேஸும் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

மதலேனா அட்டையை வாங்கித் திருப்பி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். கீழே 'பேசாலை மதலேனா' என்றிருந்த பெயரையும் வாசித்தாள்.

"பகிடிக்கு எழுதினனான். இப்பிடியாகுமெண்டு நினைக்கேல்லை. பிறகு சொல்லப் பயமாயிருந்தது," என்றான் பஸ்ரியன்.

"பகிடிதானே. நல்லாப் பாத்துச் சிரியுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. கிறேஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். பஸ்ரியனைக் குரல் பரீட்சைக்குக் கொழும்புக்கு அழைப்பதாக முதல் நாள் சொல்லியிருந்த அபூசாலி, போகும்போது அந்தக் கதையே எடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாதிப் பேர் நிற்கவில்லை. மதலேனா இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அடுத்த தவக்காலத்தில் பஸ்ரியன் மன்னிப்புக் கேட்டு அவள் வீட்டுக்கு வந்தான். அருளப்பு உள்ளே வரச் சொன்னார். மதலேனா வாசலை மறித்து நின்றாள்.

"பாவமெண்டால் கோயில் சுவாமியிட்டைப் போய்ச் சொல்லுங்கோ, அவர் மன்னிப்பார். அது அவரின்ரை வேலை."

அவன் படலையைச் சாத்திவிட்டுப் போனான். "இவ்வளவு வருசத்துக்குப் பிறகும் உனக்கு ஆறேல்லையா, பிள்ளை?" என்று அருளப்பு கேட்டார்.

"இல்லை, அப்பு," என்றாள்.