மகஸர் என்று சொன்ன நாள்

நான் அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் சரஸ்வதி அம்மாள் விளக்கைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். சொல், 'மகஸர்'.

அப்போது நான் தொல்பொருள் பதிவு அலுவலர். மீனாட்சிபுரம் பக்கம் சரஸ்வதி அம்மாளின் தோட்ட வீட்டில் பழைய அரபுக் கண்ணாடி விளக்கு இருப்பதாகவும், ஒரு தரகர் அதை வெளிநாட்டுக்குக் கடத்தப் பார்ப்பதாகவும் தகவல். நேரில் பார்த்து, அளந்து, குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்புக்கு எங்கள் ஆபீஸில் பெயர் மகஸர். ஜீப்பிலிருந்து இறங்கியதும் நடைமுறைப்படி அறிவித்தேன்: "மகஸர் எழுதணும்."

"கிட்ட வராதீங்க. உள்ள போட்டுருவனுங்க!"

விளக்கு கிணற்றுக்கு மேலே அவர் கையில் இருந்தது. ஒரு முழ உயரம், விரிந்த வாய், நீல எழுத்து, சிவப்புக் கோடு. எனாமல் என்பது பெயிண்ட் அல்ல. நிறம் சேர்த்த கண்ணாடித்தூளைக் குழைத்து எழுதி, சூளையில் சுட்டு ஒட்டவைப்பது. அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்து, சிரியா மசூதிகளில் தொங்கியவற்றில் முழுசாகத் தப்பியவை சொற்பம். சேகரிப்பாளர்களுக்குப் பித்துப் பிடித்தது அதனால்தான். பித்து முற்றியதும் ஐரோப்பாவில் நகல்கள் செய்தார்கள். இது எது என்று பத்தடி தூரத்திலிருந்து சொல்ல முடியாது. கிணற்றில் விழுந்தால் கிட்டத்திலிருந்தும் சொல்ல முடியாது.

"ஏம்மா போடணும்?"

"பதிவு பண்ணாம வெச்சிருந்தா ஜெயிலுன்னு அந்தத் தரகன் சொன்னானுங்க. குடுத்தா காதும் காதும் வெச்ச மாதிரி கொண்டு போயிர்றேன்னான். பக்கத்துத் தோப்புல போலீஸ் சாராய ஸ்பிரிட் புடிச்சப்பவும் மகஸர்னுதானுங்க சொன்னாங்க. அந்த ஊட்டுக்காரன் திரும்பி வர மூணு மாசமாச்சுங்க."

ஃபைலைத் தரையில் வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன்.

"பதிவு பண்ண வேண்டிய சாமானுக்குப் பட்டியல் இருக்கு. சிலை உண்டு, ஓவியம் உண்டு. கண்ணாடி கிடையாது. நீங்க ஒரு தப்பும் பண்ணலை."

"நெசமாங்களா?"

"முப்பது வருஷமா அந்தப் பட்டியலைத்தான் பார்த்துண்டிருக்கேன்."

"அப்ப மகஸர் எதுக்குங்க?"

"எழுதறதுக்கு. எடுக்கறதுக்கு இல்லை."

"அதை எறங்குனதுமே சொல்றதுக்கென்னங்க? கை கடுக்குது."

விளக்கு என் மடிக்கு வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுவரில் குமிழிகள், அடியில் ஊதுகிறபோது பிடித்த இரும்புக் கம்பியின் தழும்பு. பொன்பூச்சு ஓரங்களில் மட்டும் மிச்சம்.

"தங்கம் எங்கேம்மா போச்சு?"

"வெள்ளிக்கெழமை தவறாம புளி போட்டு வெளக்கறமுங்க."

குறித்துக்கொண்டேன். அவருடைய மாமனாரின் தாத்தா காலத்துப் பொருள். அசலோ நகலோ, நூறு வருஷம் தாண்டியது நாட்டை விட்டுப் போகக் கூடாது. வீட்டில் இருக்கலாம். புளி இல்லாமல்.

எழுதி முடிப்பதற்குள் தரகர் ஃபோனில் வந்தார். சரஸ்வதி அம்மாள் நிதானமாகப் பேசினார்: "ஏனுங்க, கண்ணாடிக்குப் பதிவே இல்லையாமுங்க. ஆபீசரு இங்கதான் இருக்காரு. வாங்க, உங்களுக்கும் ஒரு மகஸர் எழுதச் சொல்றேன்."

தரகர் வரவில்லை.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. அன்றுமுதல் என் மகஸர்களின் முதல் வரி, 'எதுவும் எடுத்துச் செல்லப்படவில்லை.' அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் அளவு டேப்பையே வெளியில் எடுப்பேன். படிவத்தில் அதற்கு இடமில்லை என்று மேலிடம் இரண்டு மெமோ அனுப்பியது. மெமோக்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. விளக்கு சரஸ்வதி அம்மாளிடம்.