ஜீப்பை எங்கே தூக்குவது?

என் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து தகடு வைத்த பிறகு, உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. காசி, ராமேசுவரம் எல்லாம் இல்லை. முசரவாக்கத்தில் இருக்கும் எங்கள் நிலத்துக்குப் போய், பக்கத்து நிலத்துக்காரரை நேருக்கு நேர் திட்ட வேண்டும். அந்த ஆள் ஒவ்வொரு உழவுக்கும் வரப்பை எங்கள் பக்கமாகக் கொஞ்சம் சீவிக்கொண்டே வருகிறார் என்பது அப்பாவின் புகார். போனில் திட்டினால் ருசிக்காதாம்.

"நான் படுத்துட்டன்னு தெரிஞ்சா அவன் மொத்த வரப்பையும் தின்னுடுவான்பா" என்று, செவிலிமேட்டில் என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு தினமும் சொல்வார்.

பைக்கில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் அந்தப் பாதையில் போகாது. டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. என்னுடைய பழைய ஜீப்பே அந்த மேட்டில் வயிறு தட்டி நின்றுவிடும். அங்கிருந்து கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறேன் என்றேன். முறைத்தார். என் அப்பாவை யாரும் தொட்டுத் தூக்கிவிட முடியாது. குளியலறையில் வழுக்கி உட்கார்ந்தபோதுகூட "கைய எடுடா" என்று கத்திவிட்டு, சுவரைப் பிடித்துத் தானே எழுந்தவர். ஆகவே ஜீப்பைத்தான் தூக்கியாக வேண்டும்.

மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். "பாடி லிஃப்ட்டுன்னா அடிச்சட்டம் இருக்குதே, அந்த சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவுல கட்டை வெச்சி பாடிய மட்டும் ஒசத்துறது சார். சஸ்பென்ஷன் லிஃப்ட்டுன்னா ஸ்பிரிங்க மாத்தி, சேசிஸோட சேத்து எல்லாத்தையும் ஒசத்துறது. உங்களுக்கு வயிறுதான தட்டுது? ரெண்டாவதையே செய்யுங்க. என்ன, புது ஸ்பிரிங் கொஞ்ச நாளைக்கு நல்லா ஒதைக்கும்."

உதைக்கும் என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இடுப்பில் தகடு வைத்த மனிதரை உதைக்கிற வண்டியில் ஏற்றலாமா? இது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது வேறு. எங்கள் தெருக் கோயில் உற்சவர் கொஞ்சம் குட்டை. வீதியுலாவில் கூட்டத்துக்குத் தெரியவேண்டும் என்று அவருக்கு அடியில் பலகை அடுக்கி, மேலே மாலையைப் போட்டு மூடிவிடுவார்கள். சாமி கம்பீரமாக இருப்பார். தூக்குகிறவர்களின் தோள் என்னவோ அதே உயரத்தில்தான் இருக்கும், அதை யார் பார்த்தார்கள்? வருஷம் முழுக்க ஏதோ ஒரு சாமி வீதியில் வந்துகொண்டிருக்கும் ஊரில் பிறந்தவனுக்கு உயரம் என்றால் அதுதான். பாடி லிஃப்ட் என்றேன்.

"உங்க இஷ்டம் சார்" என்றார் மெக்கானிக். இந்த மூன்று சொல்லை அந்தத் தொனியில் சொல்ல மெக்கானிக்குகளாலும் மாமியார்களாலும் மட்டுமே முடியும்.

வண்டி வந்தபோது தெருவே நின்று பார்த்தது. என் மனைவி மட்டும் குனிந்து அடியில் பார்த்தாள். "கீழ எல்லாம் பழைய மாதிரியேதான இருக்குது?" என்றாள். இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். திட்டுவதற்கும் ஒரு மரியாதை வேண்டாமா? பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, யார் கையும் படாமல், மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார்.

நிலத்துக்குக் கூப்பிடு தூரத்தில், அதே மேட்டில், கியர்பாக்ஸுக்கு அடியில் இருக்கும் குறுக்குச் சட்டம் கர்ரென்று போய் உட்கார்ந்தது. சக்கரங்கள் பள்ளத்தில் சும்மா சுற்றின. முன்பு தாழ்வாக உட்கார்ந்து மாட்டிக்கொள்வோம். இப்போது உயரமாக உட்கார்ந்து மாட்டிக்கொண்டோம்.

அப்பா என்னைத் திட்டவில்லை. எனக்குப் பயமே அதில்தான் வந்தது. நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வுடுபா, வூட்டுக்குப் போலாம்" என்றார். அந்தக் குரலை ஆஸ்பத்திரியில்கூட நான் கேட்டதில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து நிலத்துக்காரர் மண்வெட்டியோடு வந்தார். அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"மாமா! நீ இனிமே வரவே மாட்டன்னு ஊர்ல பேசிக்கினு இருந்தாங்க."

"எவன்டா பேசினது? வரப்பு எங்கடா?"

"வரப்பு எங்க போவுது, அங்கியேதான் இருக்குது. வந்து பாரு."

"எப்படிடா வர்றது? இவன் வண்டிய மேல தூக்கி வெச்சிருக்கான், கீழ தூக்கல."

அந்த மனிதர் மண்வெட்டியைக் கீழே போட்டார். ஜீப்புக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். "ஏறு மாமா" என்றார்.

இப்போது விழும் ஓர் அறை என்று நான் காத்திருந்தேன். அப்பா அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டு மெல்லச் சரிந்து ஏறிவிட்டார். மகன் கை பட்டால் சீறுகிறவர், எதிரி முதுகில் குழந்தை மாதிரி தொற்றிக்கொண்டார். சத்தியமாக எனக்குப் பொறாமையாக இருந்தது. கண்ணும் கலங்கியது. ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

போகிற வழியெல்லாம் அப்பா அவர் காதுக்குப் பக்கத்திலேயே வாயை வைத்துத் திட்டினார். அவர் உழவு, அவர் டிராக்டர், அவர் தாத்தா வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. "ஆமா மாமா, ஆமா மாமா" என்று சுமந்தபடியே அவர் நடந்தார். வரப்பு முனைக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டேன். அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எறக்கி வுட்றாதடா" என்று தன்னைச் சுமந்தவர் தோளில் தட்டினார். "இன்னும் கொஞ்சம் ஒசத்திப் புடி. நீ சீவினது முழுசா தெரியல."

அவரும் உயர்த்திப் பிடித்தார்.