மயில் முத்திரை வழக்குக்கு நான் எழுதிய நோட்டீஸ்

ஐம்பதுகளில் போடியில் கூட்டாக ஏலக்காய் வியாபாரம் செய்த இருவர் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். மூட்டையில் குத்தும் மயில் முத்திரை யாருக்குச் சொந்தம் என்று மதுரைக் கோர்ட்டில் வழக்கு. அது முடியும்வரை இருவருமே அதைக் குத்தி விற்றார்கள். வாதாட வக்கீல் இருந்தார். வெளியூர் வியாபாரிகள் தன் பக்கம் நிற்கும்படி கடிதமும் நோட்டீசும் எழுத, இருவரில் ஒருவர் என்னை வைத்துக்கொண்டார். சும்மா எழுதச் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பேன். எதிராளி என் அம்மாவை அவமானப்படுத்தியவன்.

அம்மா அவன் சரக்குக் கிட்டங்கியில் சொத்தை நீக்கிக் காய் பொறுக்கினாள். சாயங்காலம் பெண்கள் வாசலில் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். ஒருநாள் சரக்கில் எடை குறைந்தது. ஈரம் போகாத காய் இருக்க இருக்க எடை குறையும் என்பது போடியில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் அம்மாவைத் தெருவே பார்க்க மூன்று தடவை உதறச் சொன்னான். ஒரு காய்கூட விழவில்லை. "பழகுன கை, எங்க ஒளிச்சாளோ" என்றான். மறுநாளே அம்மா வேலையைவிட்டு நின்றுவிட்டாள். கைத்திறமுள்ள பெண்கள் பலரும் கூடவே நின்றார்கள். அம்மா போடிமெட்டு எஸ்டேட் வேலைக்குப் போய், சனிக்கிழமை மட்டும் இறங்கி வந்தாள்.

முதல் நோட்டீசில் அவனைக் கிழி கிழியென்று கிழித்தேன். வக்கீல் முக்கால்வாசியை அடித்துவிட்டார்.

"கோர்ட்டுல கெடக்குற விசயத்துக்கு நீ தீர்ப்பு எழுதுனா நம்மளத்தான்யா உள்ள தள்ளுவாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு வேறு எழுதினேன். 'இரண்டு மயில் மூட்டைகளையும் பிரியுங்கள். தட்டில் கொட்டிப் பாருங்கள்.' அவ்வளவுதான். நல்ல கைகள் போன பிறகு அவன் மூட்டையில் வெடித்த காயும் சொத்தையும் கலந்து கிடந்தது எனக்குத் தெரியும். வியாபாரிகள் கொட்டிப் பார்த்தார்கள். அந்தப் பருவம் முடிவதற்குள் அவன் சமாதானத்துக்கு வந்துவிட்டான்.

அவன் கையெழுத்திட வேண்டிய அறிக்கையையும் நானே எழுதினேன். முத்திரையை விட்டுக்கொடுக்கிறேன் என்பதற்குக் கீழே, அம்மாவின் பெயரைப் போட்டு, அவளைத் திருடி என்று சந்தேகித்து வாசலில் நிறுத்தி மடியை உதறவைத்தது என் தவறு என்று சேர்த்தேன்.

"இதுக்கும் கேசுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார் வக்கீல்.

"அந்த வரி இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கங்கண்ணே" என்று முதலாளியிடம் சொன்னேன். கேஸ் முடிந்தால் போதும் என்று அவர் தலையாட்டினார்.

அவன் படிக்கும்போது முகம் செத்துப்போனது. பேனாவை நான்தான் நீட்டினேன். அவன் கையெழுத்துப் போட்ட அந்த நிமிஷம் இன்றும் எனக்கு இனிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

அச்சடித்து பம்பாய் முதல் குரங்கணி, போடிமெட்டு எஸ்டேட்டுகள் வரை அனுப்பினேன். சனிக்கிழமை அம்மா வந்ததும் வாசித்துக் காட்ட எடுத்தேன்.

"படிக்க வேணாம்" என்றாள். "காலையில ஆளெடுக்கயில கங்காணி எல்லாரையும் நிக்கவச்சுப் படிச்சாரு."

"இனி ஒருத்தன் வாய் திறக்க மாட்டான், ஆத்தா" என்றேன்.

அம்மா கொண்டுவந்த பையைக் கீழே வைக்கவில்லை.

"மெட்டுல ஒருத்தருக்கும் தெரியாதுன்னுதான அப்பு நான் அங்க சோலிக்குப் போனேன்."