கிடாயோடு பேரையூருக்கு: ஆப் வண்டியா, ஸ்டாண்டு டாக்சியா?

மதுரைக்குப் போனால் ஆப்பில் வண்டி பிடிப்பதா, ஸ்டாண்டில் பிடிப்பதா என்று இந்த வலைப்பூவைப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். போன ஆவணி வரைக்கும் எனக்குச் சரியான பதில் தெரியாது. இப்போது தெரியும். அதற்கு என் கணவரின் பட்டு வேட்டியை விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, என் நாத்தனார் மலரின் மகளுக்குக் காதுகுத்து. இடம், பேரையூருக்குச் சற்று முன்னால் இருக்கும் அவர்களுடைய குலதெய்வக் கோயில். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் என் கணவர் குமரன். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் குத்தியாக வேண்டும். "சென்னைக்காரரு வந்து சேந்தா பாப்போம்" என்று மலரின் மாமியார் வீட்டில் முன்கூட்டியே கேலி. அவசரத்துக்கு மடி கொடுக்க ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைத் தயார் செய்தும் வைத்திருந்தார்களாம்.

வியாழன் காலை மதுரையில் ரயிலை விட்டு இறங்கினோம். தங்குவது விளாங்குடியில், குமரனின் பெரியப்பா மகன் வீட்டில். ஸ்டேஷனிலிருந்து சுமார் ஏழு கிலோமீட்டர். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். குமரன் ஒரு புன்னகையோடு ஆப்பைத் திறந்தார். நூற்றெண்பது காட்டியது, பதிவு செய்தார். உடனே போன் வந்தது.

"சார், எங்க நிக்கிறீங்க?"

"டீக்கடைக்குப் பக்கத்துல."

"நானும் டீக்கடைக்குப் பக்கத்துலதான நிக்கிறேன்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். முந்நூறு கேட்ட அதே மனிதர்! "சரி ஏறுங்க, மேல ஒரு அம்பது மட்டும் போட்டுக் குடுங்க" என்றார் அவர். கொடுத்தோம்.

மறுநாள் காலைதான் உண்மையான சோதனை. தாய்மாமன் சீரில் பட்டுப்பாவாடை, வளையல், பழத்தட்டு, மாலை எல்லாம் உண்டு. கூடவே ஒரு கிடாயும். பெரியப்பா மகன் அதை வாங்கிக் கட்டிவைத்துவிட்டு, முதல்நாள் சாயங்காலமே குடும்பத்தோடு பேரையூர் போய்விட்டார். கிடாயை ஏற்ற அவர் சொல்லிவைத்திருந்த குட்டியானை லோடு வண்டி வரவில்லை. போனும் அணைந்திருந்தது. வேறு வழியில்லை, எங்களோடு காரில்தான் அதுவும் வர வேண்டும்.

ஏழே முக்காலுக்கு ஆப்பில் கார் பதிவு செய்தோம். ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஆயிரத்து நானூறு. முதல் ஓட்டுநர் போனில் "பேரையூரா? அங்கருந்து திரும்ப சவாரி கெடைக்காதுண்ணே" என்று ரத்து செய்தார். இரண்டாமவர் வந்தேவிட்டார். சீட்டின் பாலித்தீன் உறைகூடப் பிரிக்காத புதுக் கார். சீர்த்தட்டுகளைப் பார்த்துச் சிரித்தவர், கிடாயைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"அண்ணே, இது வழியனுப்ப வந்துருக்கா, கூட வருதா?"

"கூடத்தான் வருது."

"வண்டிக்கு இன்னும் பூஜையே போடலண்ணே. மன்னிச்சுக்கங்க."

போய்விட்டார். ரத்துக்கான காரணத்தை ஆப் கேட்டது. தாமதம், திட்டம் மாறியது, மற்றவை. கிடாய் எதில் சேரும் என்று குமரன் நின்று யோசித்தார். "மற்றவைல போடுங்க, மணியாகுது" என்று நான்தான் கத்தினேன்.

ஓடிப்போய் மெயின்ரோடு டாக்சி ஸ்டாண்டிலிருந்து சோணைமுத்து என்பவரை அழைத்துவந்தார். அறுபதை நெருங்கும் வயது. வண்டி பழசு, ஆனால் பெரிசு. பின்சீட்டை மடக்கினால் கிடாய் நிற்கலாம்.

"ஏத்திருவோம் தம்பி. போக வர, வெயிட்டிங்கோட மூவாயிரம். டோல் ஒங்களது. ஏசி போடமாட்டேன், கிடா வாட உள்ளயே சுத்தும்."

"ஆப்ல ஆயிரத்து நானூறுதான் காட்டுதுண்ணே."

"அப்ப அதுலயே போங்க. பேர்லயே ஆப்பு இருக்கு, பாத்துப் போங்க."

இரண்டாயிரத்து எழுநூறுக்குப் பேசி முடித்து எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம். நாலுவழிச் சாலையில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. திருமங்கலம் வருவதற்குள் கிடாய் எங்கள் நடுவே தலையை நீட்டி, வெற்றிலை முழுவதையும் தாய்மாமன் மாலையில் பாதியையும் தின்றுவிட்டது. திருமங்கலத்தில் சோணைமுத்து அண்ணன் "ஒரு டீ" என்று நிறுத்தினார். கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அவருக்குச் சொந்தம். கால் மணி நேரம் போனது.

கல்லுப்பட்டியைத் தாண்டியதும் அவர் வண்டியை ஒரு சின்ன ரோட்டில் திருப்பினார். "மேப் நேராப் போகச் சொல்லுதுண்ணே" என்றார் குமரன். "போன் கெடக்கு தம்பி. நான் முப்பது வருசமா ஓட்டுறேன்."

மூன்று கிலோமீட்டர் போனதும் ரோடு முடிந்தது. பாலம் கட்டுவதற்காகக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். "போன மாசம் நல்லாத்தான இருந்துச்சு" என்று அண்ணன் பள்ளத்தையே குற்றம்சாட்டுவதுபோல் பார்த்தார். பின்னால் எடுக்க வேண்டும், ஆனால் கண்ணாடியில் கிடாய்தான் தெரிகிறது. அதை நகர்த்தலாம் என்று பின்கதவைத் திறந்தார். கிடாய் ஒரே தாவாகத் தாவிப் பருத்திக்காட்டுக்குள் ஓடியது. பின்னாலேயே பட்டு வேட்டியோடு குமரன். அவருக்கும் பின்னால் சோணைமுத்து.

அப்போது மலரின் போன். "மதினி, மணி பத்தாயிருச்சு. எங்க இருக்கீங்க?"

"பக்கத்துல வந்துட்டோம் மலர்."

"அண்ணே எங்க?"

கருவேல முள்ளில் வேட்டி மாட்டி இழுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். "கிடாயோட இருக்காரு."

அவள் குரல் தாழ்ந்தது. "இவுங்க எம்புட்டு வேணா பேசட்டும் மதினி. அண்ணே மடி இல்லாம எம்புள்ள காதுல ஊசி வைக்க விடமாட்டேன்."

அதுவரை எனக்கு எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் வேடிக்கை போய்விட்டது. "கிடாய விடுங்க! நீங்க மொதல்ல போங்க!" என்று வரப்பில் நின்று அலறினேன். ஓடிவந்தவர் பழக்கதோஷத்தில் ஆப்பைத் திறந்தார். அருகில் வண்டி எதுவும் இல்லை என்றது. அந்த நேரம் இரண்டு பக்கமும் பால்கேன் தொங்க ஒருவர் பைக்கில் வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"தாய்மாமனா? அப்பறம் என்ன நின்னு பேசிக்கிட்டு? ஏறு மாப்ள!"

கிழிந்த வேட்டியும் பாதி மாலையுமாகக் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து, பள்ளத்தைச் சுற்றிய ஒற்றையடிப் பாதையில் தாய்மாமன் போனார்.

கிடாயை நாங்கள் பிடிக்கவில்லை. சோணைமுத்து அண்ணன் மூச்சுவாங்கி வரப்பில் உட்கார்ந்ததும், பழத்தட்டு நினைவு வந்ததோ என்னவோ, அதுவே நடந்துவந்து வண்டியில் ஏறியது. இந்த முறை மேப் சொன்ன வழியில் போனோம். அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை.

பத்தே முக்காலுக்கு நாங்கள் சேர்ந்தபோது காது குத்தியாகியிருந்தது. ராகுகாலத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் குமரன் வந்து மடிகொடுத்தாராம். மாமனின் முகத்தைப் பார்த்தே குழந்தை அழுததால், ஊசி குத்தியதற்கென்று தனியாக அழவில்லையாம். மலர் முந்தானையால் தன் அண்ணன் முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் சிரித்தார்கள், இருவர் கண்ணும் நனைந்திருந்தது. ஒன்றுவிட்ட மாமன் பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விட்டார். மலரின் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேனுக்கு நடுவுல வந்தாரா, பால்காரருன்னு நெனச்சு ரெண்டு லிட்டரு கேட்டுட்டேன் தாயி" என்றார். அதற்குப் பிறகு சென்னைக்காரர் கேலியை நான் அங்கே கேட்கவில்லை.

இனி, கேட்டவர்களுக்கு. மதுரை நகருக்குள் சுற்ற ஆப் போதும். அது காட்டுகிற கட்டணத்துக்கு மேல் ஐம்பது ரூபாயை மனதில் ஒதுக்கி வையுங்கள். பேரையூர், கொட்டாம்பட்டி மாதிரி ஊர்களுக்கு ஸ்டாண்டு டாக்சியைப் போகவரப் பேசுங்கள், அங்கிருந்து திரும்ப ஆப்பில் வண்டி கிடைக்கும் என்று நம்பாதீர்கள். டோல், வெயிட்டிங், டீ எல்லாவற்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஓட்டுநரின் குறுக்குவழியை மேப்பிலும், மேப்பின் குறுக்குவழியை ஓட்டுநரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. நல்ல நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். இதையெல்லாம் செய்தும் சில சமயம் பால்காரர்தான் வந்து காப்பாற்றுவார்.

சாயங்காலம் விளாங்குடியில் இறக்கிவிட்ட சோணைமுத்து அண்ணன், பேசிய பணத்தோடு வண்டி கழுவ இருநூறும் கேட்டு வாங்கிக்கொண்டார். நியாயம்தான். ஸ்டியரிங்கில் கைவைத்தவர் தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, தை மாசம் எம் பேத்திக்குக் காதுகுத்து. ரெண்டு பேரும் கண்டிப்பா வந்துரணும். எந்த வண்டில வேணாலும் வாங்க, கிடாய மட்டும் நாங்க பாத்துக்கிறோம்."