சோப்புக்காரி எவரிஸ்தாவும் சாய்ந்த வீடும்

எங்கள் சந்தையில் வெறுமனே எவரிஸ்தா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சோப்பு எவரிஸ்தா என்று கேட்க வேண்டும். துணி துவைக்கிற மஞ்சள் சோப்பு பாளம் பாளமாக வந்து இறங்கும். அதை மெல்லிய கம்பியால் அறுத்து, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவாக இருக்கும்படி கட்டிகளாக்கி அடுக்குவாள். பக்கத்தில் துடைப்பமும் கயிறும் விற்கிற கடை என்னுடையது. இருவருக்கும் வீடு எல் ஆல்ட்டோ மேட்டில். காலையில் ரோப் காரில் லா பாஸ் பள்ளத்துக்கு இறங்குவோம், சாயங்காலம் அதிலேயே ஏறுவோம்.

சாவோ பாவ்லோவில் தையல் வேலை பார்க்கும் அவள் மகள், அம்மாவின் முகம் பார்த்துப் பேசலாம் என்று ஒரு செல்போன் அனுப்பினாள். எங்கள் ஊரில் ஜூன்தான் குளிர்காலம்; அந்தக் குளிரில் ஒரு காலை, சோப்பு அடுக்கின் மேல் வெயில் சாய்வாக விழுந்தது. எவரிஸ்தா கம்பியைக் கீழே வைத்துவிட்டு அதைப் படம் எடுத்தாள்.

"சோப்பைப் போயி எடுக்கறியேடி, எம் மூஞ்சிய எடுத்தா ஆகாதா?" என்றேன்.

"உன் மூஞ்சி உருண்டை, ரெமி. இதப் பாரு. மேல வெள்ளையா இருக்கு, இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் இருட்டு. ஒரே சோப்பு, மூணு நிறம்."

பார்த்தேன். உண்மைதான். அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் என் கண்ணில் பட்டதில்லை.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கறிக்கடைக்காரர்கள் உருட்டுகிற தாயக்கட்டை, டீக்கடைச் சர்க்கரைக்கட்டி, இறுக்கிக் கட்டிய கம்பளிப் பொதி, மாடு நக்குகிற உப்புக்கட்டி என்று எல்லாவற்றையும் எடுத்தாள். கடைசியில் வீடுகளுக்கு வந்து சேர்ந்தாள். பூச்சு காணாத செங்கல் வீடுகள் சரிவு நெடுக ஒன்றன் தலையில் ஒன்றாகப் பெட்டி பெட்டியாக ஏறி நிற்கும். ஊருக்கு வருகிறவர்கள் மேட்டிலுள்ள பணக்காரர்களின் கண்ணாடி மாளிகைகளைத்தான் படம் எடுப்பார்கள். எங்கள் செங்கல் பெட்டிகளுக்காக நாங்களே வெட்கப்பட்டோம். எவரிஸ்தா ரோப் காரில் மாளிகைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள்.

அவள் படம் எடுப்பதைப் பார்க்க வேண்டும். கண்ணாடி சுத்தமாக உள்ள பெட்டி வரும்வரை ரோப் காரில் ஏறமாட்டாள். ஏறியதும் சால்வை நுனியால் கண்ணாடியைத் துடைப்பாள். எங்கள் ஊர்ப் பெண்கள் போடுகிற குண்டுத் தொப்பியைக் கழற்றி என் மடியில் வைப்பாள். போனை ஜன்னல் சட்டத்தோடு ஒட்டவைத்து மூச்சை அடக்குவாள். சுவர் செங்குத்தாக நிற்காத படத்தை அங்கேயே அழித்துவிடுவாள். "போன் தலை குனிஞ்சா வீடும் தலை குனியும்டி. அது வீட்டுக்கு அவமானம்" என்பாள். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனாலும் எது அழகு என்று யாரிடமும் கேட்டு அவள் தெரிந்துகொண்டதில்லை. எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

பிடித்த படங்களை அச்செடுத்து சோப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டாள். அவற்றில் ஒன்று, சான் எலூத்தேரியோ சரிவில் இருந்த ஒரு வீடு. பச்சைக் கதவு, மொட்டை மாடியில் நீலத் தொட்டி. சோப்பு வாங்க வந்த காசில்தா அதைப் பார்த்து, "ஐயய்யோ, இது எங்க வீடாச்சே!" என்றாள். மறுநாளே அவள் புருஷன் சில்வேரியோ வந்து நின்றார். மினி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னும் எல்லோரிடமும் ஹாரன் அடிக்கிற குரலில்தான் பேசுவார்.

"எங்க வீட்ட எதுக்கும்மா படம் பிடிக்கற? வரி ஆபீசுக்கு ஆள் காட்டறியா?"

"அந்தச் சரிவிலயே உங்க வீடுதாண்ணே அழகு. மூலை எப்படி நிக்குது பாருங்க, கத்தியால வெட்டின மாதிரி."

"செங்கல்லுல என்னம்மா அழகு!" என்றார். ஆனால் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் படத்தைப் பார்த்தார்.

மழைக்காலம் வந்தது. ஒரு சாயங்காலம் பெட்டியில் ஏறும்போது எவரிஸ்தா முகம் சுளித்தாள். "ரெமி, என் கை கோணிடுச்சு போலடி. அந்தப் பச்சைக் கதவு வீடு நேரா விழவே மாட்டேங்குது."

மறுநாளும் எடுத்தாள், அதற்கு மறுநாளும் எடுத்தாள். வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு அந்த வீட்டையும் அதற்கு மேலே பாறையில் நிற்கும் சின்னக் கோயிலையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்தாள். போனைக் கண்ணருகே பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் கை கோணல்னா ரெண்டும் கோணணும். கோயில் நேரா நிக்குது. வீடு மட்டும் பள்ளத்தப் பாத்து சாயுது."

மறுநாள் நண்பகலில் கடைக்குப் படுதா போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு அந்தச் சரிவில் ஏறினாள். சில்வேரியோ கடலைச் சூப்பு குடித்துக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தார்.

"சுவரு பொளக்கல, கதவு ஒழுங்கா சாத்துது. உன் போனுக்குத்தான் கிறுக்கு."

காசில்தா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "கதவு எங்க சாத்துது? ரெண்டு வாரமா நாந்தான் இடுப்பால முட்டித் தள்ளிச் சாத்தறேன்."

"மழையில மரம் ஊதும்டி."

"மரம் ஊதுதோ, மல நகருதோ, இடுப்பு எனக்குத்தான் வலிக்குது."

அங்கிருந்து நேராக நகராட்சிக்குப் போனோம். அங்கே ஓர் இளம் பெண் இஞ்சினியர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உடனே ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு எங்களோடு மழையிலேயே ஏறினாள். வீட்டுக்குப் பின்னால், புல்லுக்கு அடியில், தரை நீளமாக வாய் பிளந்திருந்தது. அந்த வரிசை வீடுகளில் இருந்த நான்கு குடும்பங்களும் உடனே காலி செய்ய வேண்டும் என்றாள்.

மற்றவர்கள் கிளம்பினார்கள். சில்வேரியோ கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். "இந்தப் பொம்பள கண்ணு வச்சிட்டா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எவரிஸ்தா நேராக அடுப்படிக்குப் போனாள். அவர் வீட்டு அடுப்பைத் துணியில் வைத்து முதுகில் கட்டிக்கொண்டு படியிறங்கினாள். அடுப்பு போன பிறகு அவரும் எழுந்து போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நாங்கள் ரோப் காரில் மேலே போய்க்கொண்டிருந்தபோது சரிவு நகர்ந்தது. பச்சைக் கதவு வீடு, களைத்த மனிதன் முழங்காலிடுவதுபோல முன்னால் குனிந்தது. பிறகு முழுசாகக் கீழே போனது. சத்தம் அப்புறம்தான் வந்தது. பெட்டியில் இருந்தவர்கள், "எடுங்கம்மா, எடுங்க! கையில போன் இருக்கே!" என்று கத்தினார்கள். எவரிஸ்தா போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏன்டி எடுக்கல?" என்று பிறகு கேட்டேன்.

"கை வரல" என்றாள்.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆனால் சில்வேரியோ கடை முன்னால் நின்று சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அவள் படம் பிடித்துப் பிடித்துத்தான் வீடு விழுந்ததாம். சிலர் நம்பவும் செய்தார்கள். அவள் கடையைக் கடக்கும்போது குழந்தையின் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்ட தாய்மாரை நானே பார்த்தேன். எவரிஸ்தா கயிற்றிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். ரோப் காரில் தொப்பியைக் கழற்றுவதை நிறுத்திவிட்டாள். நான் என்ன கிண்டல் செய்தாலும் சிரிக்கவில்லை.

பிறகு ஒருநாள் காசில்தா வந்தாள். கூட்டம் நிறைய இருந்த நேரம்.

"எவரிஸ்தா, எங்க வீட்டுப் படம் ஒண்ணு குடு. பிள்ளைங்கள அங்கதான் பெத்து வளத்தேன். வீட்டோட ஒரு படம் எங்ககிட்ட இல்ல."

வரிசையில் நின்ற ஒருத்தி, "கண்ணு வச்ச படத்தையா கேக்கற?" என்றாள்.

காசில்தா திரும்பினாள். "ஆமாடி! இவ கண்ணு வச்சதாலதான் நான் உயிரோட நின்னு சோப்பு வாங்கறேன். உன் வீட்டுக்கும் வந்து வைக்கச் சொல்லட்டுமா?"

சந்தையே சிரித்தது. எவரிஸ்தாவும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியில் போட்டிருந்த படத்தை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். மற்ற மூன்று குடும்பங்களும் அந்த வாரமே வந்து தங்கள் வீட்டுப் படங்களைக் கேட்டு வாங்கிப் போயின.

சில்வேரியோ மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. அடுத்த வருடம் மேட்டிலுள்ள சமவெளியில், மகன்கள் உதவியோடு புது வீட்டுக்குச் சுவர் எழுப்பினார். கூரை போட்ட அன்று, "அந்தச் சோப்புக்காரிய வரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். நானும் போனேன். எங்கள் வழக்கப்படி வீட்டு மூலைகளில் பீர் தெளித்துப் பூமித்தாய்க்குப் படைத்து முடித்திருந்தார்கள். சில்வேரியோ எவரிஸ்தாவைத் தெருவுக்கு எதிர்ப்புறம் கூட்டிப்போய் நிறுத்தினார்.

"பாரு. நேரா இருக்கா?"

அவள் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அந்த இடது மூலையில…" என்று இழுத்தாள்.

அவர் முகம் வெளிறிப்போனது.

"…வெயில் ரொம்ப நல்லா விழுதுண்ணே."

சில்வேரியோ மினி பஸ் காலத்துக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். உடனே காசில்தாவை இழுத்துக்கொண்டுபோய் வாசலில் நின்று, சட்டையைச் சரிசெய்து, படத்துக்கு நெஞ்சை நிமிர்த்தினார்.

எவரிஸ்தா கையை ஆட்டினாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, வீட்ட மறைக்கறீங்க."