காருக்குச் செல்லக்கனி என்று பெயர் வைத்தேன்

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரங்களைத் துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரிவாயுவில் கார் ஓட்டுகிறவன், எப்போது கரி போட்டான், எத்தனை நிமிடம் ஊதினான் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் மனத்தில் பதிந்த நேரங்கள் இவை.

1944, மாசி மாதம். தூத்துக்குடியில் வாடகைக் கார் ஓட்டினேன். யுத்த காலம், பெட்ரோல் கிடைக்காது. அதனால் காரின் பின்புறம் ஒரு பெரிய தகர உருளை. அதற்குள் அடுப்புக்கரி. கரியைக் குறைந்த காற்றில் கனிய விட்டால் எரியக்கூடிய வாயு வரும். அதை வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்பினால் வண்டி ஓடும். முதலில் கைப்பிடி போட்ட ஊதுசக்கரத்தைப் பத்து நிமிடம் சுற்ற வேண்டும். பிறகு குழாய் வாயில் தீக்குச்சி காட்ட வேண்டும். நீலமாக எரிந்தால் புறப்படலாம். மஞ்சளாக எரிந்தால் இன்னும் சுற்ற வேண்டும். கரியில் ஓடும் கார்! எனக்கு அது தினம் தினம் அதிசயம்தான்.

அப்படிப்பட்ட வண்டிக்குப் பெயர் வேண்டாமா? தோணியில் வேலை பார்த்த என் கூட்டாளி சிவனாண்டியிடம் கேட்டேன்.

“இருமல்காரின்னு வையிலே. மேட்டைக் கண்டா இருமுதால்லா?”

“ஒன் பேரை வச்சா இன்னும் பொருத்தமா இருக்கும்லே.”

கடைசியில் செல்லக்கனி என்று நானே முடிவு செய்தேன். செல்லப் பெயர் உள்ள வண்டியை யாரும் உதைக்க மாட்டார்கள், கியரை மெல்லப் போடுவார்கள் என்பது என் கணக்கு. எங்கள் உறவில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. கிடைத்த கொஞ்சம் வெள்ளைப் பெயிண்டில் பானெட்டின் பக்கத்தில் எழுதினேன்.

சிவனாண்டி முகம் சுளித்தான். “கூப்பிட்டுப் பாத்தியாலே?”

அவனுடைய தோணிக்காரர்களிடம் ஒரு வழக்கம். தோணியில் பெயர் எழுதும் முன் கடலைப் பார்த்து அதை மூன்று தரம் கூப்பிடுவார்கள். யாரும் பதில் தராவிட்டால்தான் எழுதுவார்கள். பதில் வந்தால், அது ஏற்கெனவே யாருக்கோ சொந்தமான பெயர்.

நானோ எழுதிவிட்டுத்தான் கூப்பிட்டேன். அதுவும் விளையாட்டாக. மாலை நாலு மணி பத்து நிமிடம். கடற்கரையில் சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால் எங்கள் இருவரைத் தவிர ஆள் இல்லை.

“செல்லக்கனி! செல்லக்கனி! ஏளா, செல்லக்கனி!”

“ஓ... வாரேன்.”

பெண் குரல். தண்ணீர்ப் பக்கமிருந்து.

“அழிச்சிருலே,” என்றான் சிவனாண்டி. அவன் உதடு வெளுத்திருந்தது.

“பெயிண்டு என்ன, கடல் தண்ணி மாதிரி சும்மா கெடைக்குதாலே? உப்பளத்துப் பொம்பளை எவளோ கேலி பண்ணுதா,” என்று சிரித்தேன்.

மறுநாள் காலை வண்டியின் பின்பக்கம், இடது மூலை, இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. வண்டிக்குள் ஆள் இல்லை. ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் முறியவில்லை. மாட்டினேன். மறுபடி தாழ்ந்தது... அந்த இருக்கையில் ஓர் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு தாழுமோ, அவ்வளவு.

மூன்றாம் நாள் காயல்பட்டணத்து வியாபாரி மூஸா நெய்னா சவாரிக்கு வந்தார். பின்கதவைத் திறந்தவர் சட்டென்று சாத்தினார்.

“உள்ள பொம்பளையாளு இருக்காங்களே, சொல்லப்படாதா?” என்றபடி போய்விட்டார்.

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. இடப்பக்க இருக்கை மட்டும் ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

கரிவாயு கசிந்தால் மூளை மயங்கும், இல்லாதது தெரியும். அது எனக்கும் தெரியும். ஆனால் கரிவாயு மனிதன் தலைக்குத்தான் ஏறும். ஸ்பிரிங் பட்டைக்கு ஏறாது.

ஐந்தாம் நாள் மாலை. சாயர்புரத்தில் என் வீடு. என் மனைவி ஞானபாக்கியத்துக்குப் பிரசவ வலி, மூன்று வாரம் முந்தியே வந்துவிட்டது. தலைப்பிரசவம். கூட வர வேறு பெண் இல்லை. தூத்துக்குடி ஆஸ்பத்திரி பதின்மூன்று மைல்.

ஐந்து ஐம்பதுக்குப் புறப்பட்டோம். பின்னிருக்கையில் படுத்தவள் இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டே படுத்தாள்.

ஆறு முப்பத்தைந்து. பனங்காட்டுக்கு நடுவே எஞ்சின் நின்றது. இருட்டிக்கொண்டு வந்தது.

இறங்கிப் பின்னால் ஓடினேன். கரியைக் கிளறிவிட்டு ஊதுசக்கரத்தைச் சுற்றினேன். கர்ர்... கர்ர்... தீக்குச்சி காட்டினேன். மஞ்சள்.

“ஏங்க... முடியல...”

“இந்தா ஆச்சு பாக்கியம், பொறுத்துக்கோ!”

கர்ர்... கர்ர்... மறுபடி மஞ்சள்.

அப்போது உள்ளே இன்னொரு குரல் கேட்டது. தாழ்ந்த குரல்.

“முக்குளா... இன்னும் கொஞ்சம்...”

என் கை நின்றது.

வண்டியின் இடது மூலை தாழ்ந்து கிடந்தது. இரண்டு விரற்கடை இல்லை. நான்கு.

பிள்ளைக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பெயரைப் பிடித்துக்கொண்டு வந்தவள். பெயர் போனால் போவாள்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பானெட்டுக்கு ஓடினேன். சுரண்டினேன்.

செ... போனது.

ல்... ல...

உள்ளே ஞானபாக்கியம் அலறினாள்.

க்... க...

குழந்தை அழுதது!

னி...

கிரீச்... ஸ்பிரிங் பட்டை மெல்ல, மெல்ல மேலே எழுந்தது.

“அக்கா! கைய விடாதிய... அக்கா...” உள்ளே ஞானபாக்கியம் கெஞ்சினாள்.

ஆறு ஐம்பத்திரண்டு.

கதவைத் திறந்தேன். ஞானபாக்கியத்தின் மார்பில் குழந்தை. உயிரோடு. பக்கத்தில் யாரும் இல்லை.

இருக்கை முழுவதும் ரத்தம். மறுபடி பின்னால் ஓடினேன்.

தீக்குச்சி காட்டினேன். நீலம்.

ஏழு இருபதுக்கு ஆஸ்பத்திரி. பத்து மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். இரண்டு உயிரும் தங்கிவிட்டன என்றார். பிறகு கோபமாகக் கேட்டார்.

“பிரசவம் பார்த்தது யாரு? கழுத்தில் சுற்றின தொப்புள்கொடியை எடுத்து, இரண்டு இடத்தில் கட்டி, நடுவில் அறுத்திருக்காங்க. கை தெரிஞ்சவங்க. அவங்க இல்லேன்னா பிள்ளை இல்லை. ஆனா நஞ்சுக்கொடி விழுறதுக்குள்ள ஏன் பாதியில விட்டுட்டுப் போனாங்க? இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்திருந்தா இவ்வளவு ரத்தம் போயிருக்காதே.”

என் நகக்கண்களில் வெள்ளைப் பெயிண்டு இருந்தது.

“இதையும் பாருங்க,” என்று ஒரு தட்டை நீட்டினார்.

கொடியைக் கட்டியிருந்த கயிறு. தேங்காய் நார்ப் புரி. கடலடியில் வருடக்கணக்காக ஊறியதுபோல் கறுத்திருந்தது. தோணியின் அடியில் ஒட்டி வளருமே கொட்டலசு என்கிற ஓட்டுப் பூச்சி, அதில் ஒன்று அந்தப் புரியில் ஒட்டியிருந்தது.

குனிந்து பார்த்தேன்.

அது இன்னும் வாயைத் திறந்து... மூடிக்கொண்டிருந்தது.